அம்மா இன்னும் இறங்கவில்லை

அந்த வீட்டில் ஒரு கேலி இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். மகள் ஓடி வந்து, ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்துவிட்டது என்று வாயைத் திறந்து காட்டுவாள். பதில் வராது. உடனே மகள் தையல் மெஷின் பக்கம் திரும்பி, "அப்பா, அம்மா இன்னும் எறங்கல" என்பாள். அவனும் மிதியை நிறுத்தாமலே, "அவ்வளவு ஒசரம், மெதுவாத்தான் வருவா" என்பான். இரண்டு பேரும் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி, என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பாள். அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள்.

டவர் கிரேன் ஓட்டுகிறவள் வீட்டில் இந்தக் கேலி பொருத்தமாகத்தான் இருந்தது. வேறு வீடாக இருந்தால், கண்ணைத் திறந்துகொண்டே ஆள் காணாமல் போவதைப் பார்த்து என்றைக்கோ டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இந்த வீட்டில் காரணம் கையில் தயாராக இருந்தது. அவளுக்கு வேலை மேல் அவ்வளவு பிரியம், மனசை அங்கேயே விட்டுவிட்டு வருகிறாள் என்று கணவன் அக்கம்பக்கத்தில் பெருமையாகவே சொல்லித் திரிந்தான்.

பிரியம் உண்மைதான். அதற்கு முன்னால் பார்த்த எந்த வேலையும் அவளுக்கு ஒட்டவில்லை. பெரிய கடை ஒன்றில் பில் போட்டாள். வருகிறவர்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் பொருளை நீட்டினார்கள். ஒரு கம்பெனியில் போன் எடுத்தாள். யாரோ செய்த தப்புக்கு நாள் முழுவதும் மன்னிப்புக் கேட்டாள். வீட்டுக்கு வந்தால் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவாள். அப்புறம் ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் பயிற்சிக்குப் போனாள். முதல் நாள் இரும்பு ஏணியில் ஏறி, சுற்றிலும் கண்ணாடி போட்ட கேபினுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தியபோது அழுகை வந்துவிட்டது. பயத்தில் அழுகிறாள் என்று பயிற்சி கொடுத்தவர் நினைத்துக்கொண்டார். பயமெல்லாம் ஒன்றுமில்லை. தனக்கென்று ஓர் இடம் எங்கே என்று இத்தனை காலம் அலைந்தவளுக்கு, அது ஆகாயத்தில் இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் எரிந்து விழுவது நின்றது. வேலையிடத்தில் அவளுக்கு மேல்வீட்டம்மா என்று பெயர் வந்தது. "மேல்வீட்டம்மா எறங்கிட்டாங்களா?" என்று இஞ்சினியரே கேட்பார். இடது கையில் ஒரு லீவர், வலது கையில் ஒரு லீவர். இடது கை நீளமான இரும்புக் கையைத் திருப்பும். வலது கை கொக்கியை ஏற்றி இறக்கும். எவ்வளவு பெரிய கம்பிக் கட்டாக இருந்தாலும், தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோலக் கிடத்துவாள். கீழே நின்று சைகை காட்டும் சிக்னல்காரர், மீசை நரைத்தவர், முழங்கால் வலியால் ஏணிப் பக்கமே போகாதவர். ஒவ்வொரு தடவையும் வாக்கி-டாக்கியில் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "பூ மாதிரி வெச்சேம்மா." அதைக் கேட்கும்போது அவளுக்கு உள்ளுக்குள் இனிக்கும். வீட்டில் அப்படி இனித்த நாள்கள் குறைவு என்பது அவளுக்கே தெரியும். தெரிந்ததால் மனசு உறுத்தும். உறுத்தினாலும் மறுநாள் காலையில் ஏணியில் கால் வைத்ததும் மறந்துபோகும்.

கிரேன் வேலையில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு, இறக்கு, திருப்பு என்று சைகை காட்டச் சிக்னல்காரர் ஒருவருக்குத்தான் உரிமை. மற்றவர்கள் கையாட்டினால் ஆபரேட்டர் கண்டுகொள்ளக் கூடாது, முதலாளியே வந்து ஆட்டினாலும் சரி. ஒரே ஒரு சைகைக்கு மட்டும் விலக்கு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, முன்னும் பின்னும் வீசினால் நிறுத்து என்று அர்த்தம். அதை யார் வேண்டுமானாலும் காட்டலாம். குப்பை கூட்டுகிறவர் காட்டலாம், தெருவில் போகிறவர் காட்டலாம். பார்த்த அந்தக் கணமே நிறுத்த வேண்டும். காரணம் கேட்பதெல்லாம் அப்புறம்.

இதை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். வாய்ச்சண்டை முற்றும்போது மூவரில் யார் அந்தச் சைகையைக் காட்டினாலும் மற்றவர்கள் பாதி வாக்கியத்தில் வாயை மூட வேண்டும். முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. போகப்போக அதுவே வீட்டுச் சட்டமாகிவிட்டது. கணவன் பொறுமைசாலி. அவன் அதை அனாவசியமாகக் காட்டியதே இல்லை. காட்டினால் அவள் நிறுத்தாமல் இருந்ததும் இல்லை.

வேலையிடத்தில் அவள் முதல் தடவை அப்படிக் காணாமல் போனது ஒரு சாதாரண மத்தியானத்தில். லாரியிலிருந்து கம்பிக் கட்டைத் தூக்கியது ஞாபகம் இருக்கிறது. கொக்கி இறுகி, கட்டு தரையை விட்டு எழும்பியதும் ஞாபகம் இருக்கிறது. அடுத்து அவளுக்குத் தெரிந்தது, "பூ மாதிரி வெச்சேம்மா" என்ற குரல்தான். கீழே பார்த்தாள். மேற்குச் சுவர் ஓரம், வழக்கமான இடத்தில், கட்டு அலுங்காமல் கிடந்தது. நடுவில் இரும்புக் கை பாதி வானத்தைச் சுற்றி வந்திருக்க வேண்டும். அத்தனை ஆட்களின் தலைக்கு மேலே அது போயிருக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் அவள் எங்கே இருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த லீவர்களில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தால்தான் கிரேன் நகரும். ஆபரேட்டர் மயங்கி விழுந்து பிடி தளர்ந்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். அதை நம்பித்தான் எல்லாரும் கீழே நிற்கிறார்கள். ஆனால் அவள் பிடி தளரவில்லை. அவள் இல்லாதபோதும் கைகள் அழுத்திக்கொண்டே இருந்தன, திருப்பின, இறக்கின, கொஞ்சம்கூடப் பிசகாமல்.

இங்கேதான் அவள் புத்தி கோணலாக வேலை செய்தது. பயந்து கீழே இறங்கியிருக்க வேண்டியவள், சாயங்காலத்துக்குள் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். நான் போனாலும் கை போகவில்லையே என்று நினைத்தாள். இத்தனை வருஷம் பழகிய கை, அதற்கு வழி தெரியும் என்று நினைத்தாள். அதில் துளி கர்வம்கூட இருந்தது. வேலையில் ஊறிப்போனவர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது. புதிதாக வந்தவள் என்றால் அலறியிருப்பாள்.

கணவனிடம் மட்டும் சொன்னாள். அவன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவன், கோக்காமல் வைத்துவிட்டான். வீட்டில் அவர்கள் சிரித்த சாயங்காலங்கள் ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வந்து போவதை அவள் பார்த்தாள். நாளைக்கே டாக்டரிடம் போகலாம் என்றான். போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் ஒரு பெயர் சொல்வார். அந்தப் பெயரோடு யாரையும் மேலே ஏற்ற மாட்டார்கள். அப்புறம் மறுபடியும் பில் போட வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"இந்தக் கட்டடம் முடியட்டுங்க. கடைசித் தளம் மட்டும்தான் பாக்கி. முடிச்சிட்டு நானே வரேன்" என்றாள்.

"சிக்னல்காரர்கிட்டயாவது சொல்லு. அவர்தானே கீழ நிக்கிறார்."

சொல்கிறேன் என்றாள். ஆனால் சொல்லவில்லை. தினமும் காலையில் அவர் தன் பாட்டிலிலிருந்து அவள் கையில் தண்ணீர் ஊற்றுவார், அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறுவாள். தினமும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏறினாள்.

அந்தக் காலை வீட்டிலேயே சரியில்லாமல் ஆரம்பித்தது. தினமும் அடுப்பு மேடையின் இடது மூலையில் பிளாஸ்க் இருக்கும். வெந்நீரை அதில் ஊற்றி மூடிவிட்டுக் கிளம்புவாள். அன்றைக்குக் கணவன் பிளாஸ்கைக் கழுவி ஜன்னலோரம் கவிழ்த்திருந்தான். காலியாக இருந்த மூலையில், ஸ்கூல் சட்டைகளுக்கு வெட்டிய துணியை மடித்து வைத்திருந்தான். அவள் பாத்திரத்தைத் தூக்கினாள். அதுவரை ஞாபகம் இருக்கிறது.

மீண்டு வந்தபோது முதலில் தெரிந்தது மேடையிலிருந்து வெந்நீர் சொட்டுகிற சத்தம். மூலையில் இருந்த துணி முழுவதும் நனைந்து ஆவி பறந்தது. பாத்திரம் காலி. அவள் வலது கை, இல்லாத பிளாஸ்க் மூடியை, அது வழக்கமாகக் கிடக்கும் இடத்தில் தேடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். எதிரே கணவன் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தான். மகள் அவன் பின்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேலி எதுவும் வரவில்லை.

"நான் பாக்கல" என்றாள்.

"பாத்தே. என்னைப் பாத்துக்கிட்டேதான் ஊத்தினே."

அவள் துணியைப் பிழிந்தாள். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று ஏதோ சொன்னாள். அவன் இன்றைக்கு ஒரு நாள் போகாதே என்று கெஞ்சினான். அவனுக்குக் கெஞ்சவே வராது, அதனால் அது பார்க்கச் சகிக்கவில்லை. கடைசி லோடு கம்பி இன்றைக்குத்தான் வருகிறது, இதோடு தீர்ந்தது என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள். நனைந்த துணி அவன் வேலை, அவன் பெயர் கெட்டுப்போகும் என்பதுகூட தெருமுனை தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமா என்று நினைத்தாள். நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

வேலையிடத்தில் சிக்னல்காரர் வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றினார். அவள் முகம் கழுவும்போதே சொன்னார்:

"இன்னிக்கு மேற்குச் சுவர் ஓரம் வேணாம்மா. அங்க நாலு தச்சுக்காரங்க ஒக்காந்து பலகை அடிக்கிறாங்க. வர்ற கம்பியெல்லாம் கேட் பக்கம் வெச்சிடு. சரியா?"

"சரிண்ணே."

இவ்வளவு நாளாகக் கம்பி இறங்கிய இடம் மேற்குச் சுவர் ஓரம். ஏணியில் கால் வைத்தபோது நனைந்த துணி கண் முன்னால் வந்தது. அவள் சட்டென்று நின்றாள். கை வழக்கமான இடத்துக்குப் போகும். வழக்கமான இடத்துக்கு மட்டும்தான் போகும். இப்போதாவது திரும்பி அவரிடம் சொல்லியிருக்கலாம். அவரும் பக்கத்தில்தான் நின்றார், அடைத்துக்கொண்ட பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டு. சொன்னால் இன்றே முடிந்துவிடும். சொல்லாவிட்டால் இன்னும் ஒரு நாள் இருக்கிறது. ஒரு நாளுக்கு ஆசைப்பட்டு ஏறினாள்.

மேலே காற்று இல்லை. கொக்கி அசையாமல் தொங்கியது. முதல் கட்டைக் கேட் பக்கம் வைத்தாள். பூ மாதிரி என்றார். அடுத்ததையும் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் கேட் பக்கம், கேட் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே லீவரைத் திருப்பினாள். அந்தக் கேபினில் அவள் கைக்கு அவளே பயந்தது அன்றைக்குத்தான். மேற்குச் சுவர் ஓரம் தச்சுக்காரர்கள் சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் போட்டுவிட்டுக் குனிந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு கட்டு எழும்பியது. எல்லாவற்றிலும் பெரியது. தூக்கி, இரும்புக் கை திரும்ப ஆரம்பித்தபோது, கேட்டுக்கு வெளியே ஒரு பச்சைச் சட்டை தெரிந்தது. ஸ்கூல் துணியில் மிஞ்சியதை வைத்துக் கணவனே தைத்துக்கொண்ட சட்டை. அவ்வளவு உயரத்திலிருந்து முகம் தெரியாது, ஆனால் அந்தப் பச்சை வேறு யாரிடமும் இல்லை. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. வேலையிடத்துக்கே வந்துவிட்டானா, எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவதற்கு?

பச்சைச் சட்டை இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டியது. முன்னும் பின்னும் வீசியது.

யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும். அவளே வீட்டுக்குக் கொண்டுபோன சட்டம். பிடியை விட்டால் போதும், அப்படியே நின்றிருக்கும். இதை ஒன்றை வைத்துவிட்டு நிறுத்துகிறேன் என்று நினைத்தாள். ஒன்றே ஒன்று. கேட் பக்கம், என்று சொல்ல வாயெடுத்தாள்.

அடுத்து அவளுக்குத் தெரிந்தது நிசப்தம். ஆணி அடிக்கும் சத்தம் எதுவும் மேலே வரவில்லை. வாக்கி-டாக்கியில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. கொக்கிக் கயிறு தளர்ந்திருந்தது. சுமை இறங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். கேட் பக்கம் பார்த்தாள். அங்கே முன்னால் வைத்த இரண்டு கட்டுகள்தான் இருந்தன.

மேற்குச் சுவரைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையைத் திருப்பி, அப்புறம் திறந்தாள்.

கட்டு அங்கே கிடந்தது, சுவருக்கு நேராக, ஓர் அங்குலம் கோணாமல். அதன் அடியிலிருந்து ஒரு சட்டையின் கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே" என்றாள். "அண்ணே, எத்தனை பேரு?"



"யாரும் இல்லம்மா. சட்டைதான். வெறும் சட்டை." என்றார் சிக்னல்காரர். "கேட்டுல ஒருத்தர் கை வீசினார். நீ நிக்கல. திரும்பிப் பாத்தேன், லோடு மேற்கால போகுது. கத்தினேன். ரேடியோல உன்கிட்டயும் கத்தினேன், எத்தனை வாட்டியோ. அப்புறம் ஓடிப்போய் அவங்களை இழுத்துத் தள்ளினேன்."

அப்போதுதான் சுவர் மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்த நான்கு பேரைப் பார்த்தாள். வெற்று உடம்போடு, தலையைப் பிடித்துக்கொண்டு. எல்லாரும் மேலே, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குக் கேக்கலண்ணே."

"தெரியுது." அப்புறம், தன்னை அறியாமல் பழக்கத்தில் வருகிற மாதிரி, மெதுவாகச் சொன்னார்: "பூ மாதிரி வெச்சிருக்கேம்மா."

அவள் விசையை அணைத்தாள். முடிந்தது, இனி இந்தக் கண்ணாடிக்குள் தனக்கு இடமில்லை என்று புரிந்தது. அதைவிட, கீழே போய் அந்த நான்கு பேரின் முன்னால் நிற்க வேண்டும், சிக்னல்காரரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், கணவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. இந்தக் கேபினில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் இவ்வளவு தவித்ததே இல்லை. கதவைத் திறந்து, ஏணியின் முதல் கம்பியைப் பிடித்தாள்.

"நான் எறங்கி வரேண்ணே."

கீழே பச்சைச் சட்டை இப்போது கேட்டுக்கு உள்ளே, கோபுரத்தின் காலடிக்கே வந்துவிட்டிருந்தது. எல்லாம் ஓய்ந்த பிறகும் அவன் கைகளை இறக்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி இன்னும் வீசிக்கொண்டே இருந்தான். எதை நிறுத்தச் சொல்கிறான் என்று ஒரு நொடி அவளுக்கு விளங்கவில்லை. அப்புறம் தன் கையைப் பார்த்தாள், அது பிடித்திருந்த கம்பியைப் பார்த்தாள், கம்பிக்குக் கீழே கம்பி கம்பியாகப் போய்த் தரையில் முடிகிற அந்த உயரத்தைப் பார்த்தாள். நடுவில் அவள் காணாமல் போனாலும் ஒவ்வொரு கம்பியையும் இந்தக் கைதான் பிடிக்க வேண்டும்.

"ஏணியில கால் வெக்காத" என்றார் சிக்னல்காரர். "உள்ள போய் ஒக்காரு. கையை மடியில வெச்சுக்க. கயிறு எடுத்துக்கிட்டு நான் ஏறி வரேன்."

"உங்க முழங்கால்..."

"அதை நான் பாத்துக்கறேன். நீ உன் கையைப் பாத்துக்க."

இந்தத் தடவை அவள் நிறுத்தினாள். கம்பியை விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். கீழே எங்கோ இரும்பில் ஒரு கால் பதிவது கேட்டது; நெடுநேரம் கழித்து இன்னொரு கால். அவர் வந்து சேர நேரமாகும். அதற்குள் அது மறுபடி வருமா வராதா என்று அவளுக்குத் தெரியாது. வந்தாலும் வந்தது தெரியாது. இரண்டு கைகளையும் மடியில் வைத்து, ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளச் செய்து, கண் எடுக்காமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.